கிண்ணமும் விளிம்பும்: பார்வை நரம்பு கூறும் செய்தி

செவியும் பார்வையும் உள்ளமும் இறைவன் மனிதனுக்கு வழங்கிய பெருங்கொடைகள் என்பதை நம் சமுதாயம் நன்கறியும். அவற்றுள் பார்வையைச் சிறிது சிறிதாக, வலியின்றி, ஓசையின்றிக் கவர்ந்து செல்லும் நோய் ஒன்று உண்டு. கிளாக்கோமா என்பது அதன் பெயர். தமிழில் அதனைக் கண் நீர் அழுத்த நோய் என்கிறோம்.

தமிழ்த்துறை மலரில் மருத்துவக் கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். ஒரு சொல்லுக்கு நாம் தவறாகப் பொருள் கொண்டதால் எம் இல்லத்திலேயே ஓர் இழப்பு நேர்ந்தது. சொல்லாராய்ச்சியைத் தொழிலாகக் கொண்ட எமக்கே அது நேர்ந்தமையால், பிறர்க்கு நேராதிருக்க இதனை எழுதுவது கடமை எனக் கருதினோம்.

எம் இல்லத்தில் நேர்ந்தது

எம் தந்தையார் நாளிதழை வரி விடாமல் படிப்பவர். வைகறைத் தொழுகைக்குப் பின் திருக்குர்ஆன் ஓதுவதை ஒரு நாளும் விட்டவரல்லர். அறுபத்தெட்டாம் அகவையிலும் எழுத்துகள் அவருக்குத் தெளிவாகவே தெரிந்தன. ஆனால் பள்ளிவாசல் படியில் இருமுறை இடறினார். உண்ணும்போது இடப்புறம் வைத்த தண்ணீர்க் குவளையை அடிக்கடி தட்டிவிட்டார். முதுமையின் தளர்ச்சி என்றே நாங்கள் எண்ணினோம். "ஓத முடிகிறதே, பிறகென்ன குறை?" என்பார் அவரும்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் அவர் கண்ணைக் காட்டியபோது, அழுத்தத்தை மட்டும் அளந்து, சரியாக இருக்கிறது என்று கூறிக் கண்ணாடியை மாற்றி அனுப்பிவிட்டனர். அழுத்தம் சரியாக இருந்தால் அழுத்த நோய் எங்கிருந்து வரும் என்று நாமும் மனநிறைவோடு இருந்துவிட்டோம். பின்னர் வேறொரு மருத்துவர் கண்ணின் பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை இட்டு உள்ளே நோக்கினார். இடக்கண்ணின் பார்வை நரம்பு பெரும்பகுதி அழிந்திருந்தது. வலக்கண்ணிலும் அழிவு தொடங்கியிருந்தது. அன்றும் அவருடைய கண்ணழுத்தம் 17 மில்லிமீட்டர் பாதரசமே. பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பு என்பர். எண் இயல்பாக இருந்தது. நரம்பு இயல்பாக இல்லை.

பெயரும் பொருளும்

கிளாக்கோமா என்னும் சொல், நீலமும் பசுமையும் சாம்பலும் கலந்த நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அரபு மொழியிலும் இந்நோயை நீலநிறத்தின் பெயரால் 'ஸரக்' என்றே வழங்குவர். பண்டையோர் கண்ணின் புறத்தோற்றத்தைக் கண்டு பெயரிட்டனர். தமிழ்ப்பெயரோ நோய்க்குரிய காரணங்களுள் ஒன்றைச் சுட்டி நிற்கிறது.

இங்கே இரண்டு மயக்கங்களைக் களைய வேண்டும். முதலாவது, கண் நீர் வேறு, கண்ணீர் வேறு. கண்ணீர் வெளியே வழிவது. கண் நீர் என்பது விழியின் உள்ளே சுரந்து, பாவையின் வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழியும் அதன் பின்னுள்ள நிறப்படலமும் கூடும் கோணத்திலுள்ள வடிகால் வழியாகக் குருதியில் கலப்பது. வடிகால் பழுதுபட்டாலோ அடைபட்டாலோ உள்ளழுத்தம் உயர்கிறது.

இரண்டாவது மயக்கமே எம்மை வீழ்த்தியது. அழுத்தம் இந்நோயின் முதன்மையான காரணி. ஆனால் அதுவே நோய் அன்று. நோயின் இருப்பிடம் பார்வை நரம்பு. உயர்ந்த அழுத்தத்தை நெடுங்காலம் தாங்கும் நரம்பும் உண்டு. இயல்பான அழுத்தத்திலேயே நைந்துபோகும் நரம்பும் உண்டு. ஆகவே, நரம்பை நோக்காமல் எண்ணை மட்டும் நோக்கி, நோய் இல்லை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது.

இல்லாமை ஏன் தெரிவதில்லை?

பார்வை குறைந்தால் உடையவர்க்குத் தெரியாதா என்று மாணவர்கள் கேட்கலாம். ஒரு சிறு சோதனை இதனை விளக்கும். வெள்ளைத்தாளில் இடப்புறம் ஒரு கூட்டல் குறியும், அதற்கு வலப்புறம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கரும்புள்ளியும் இடுக. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே நோக்கியவாறு தாளை முகத்திற்கு நேரே முன்னும் பின்னும் நகர்த்துக. சுமார் 30 சென்டிமீட்டர் தொலைவில் கரும்புள்ளி மறைந்துவிடும்.

பார்வை நரம்பு விழித்திரையிலிருந்து புறப்படும் இடத்தில் ஒளியை உணரும் அணுக்கள் இல்லை. அவ்விடத்தில் விழும் உருவம் நமக்குத் தெரிவதில்லை. பிரெஞ்சு அறிஞர் எட்மே மரியோத் 17ஆம் நூற்றாண்டில் இதனைக் கண்டறிந்தார். வியப்பு யாதெனில், புள்ளி மறைந்த இடத்தில் கரிய ஓட்டை எதுவும் தோன்றுவதில்லை. வெண்தாளே தொடர்ந்து தெரிகிறது. மூளை அவ்விடத்தைச் சுற்றுப்புறத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறது.

கண் நீர் அழுத்த நோயிலும் இதுவே நிகழ்கிறது. பெரும்பாலும் ஓரப்பார்வையும் நடுவைச் சூழ்ந்த பகுதிகளும் முதலில் அழிகின்றன. எழுத்தைப் படிக்க உதவும் நடுப்பார்வை இறுதிவரை எஞ்சி நிற்கிறது. ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடுசெய்கிறது. எஞ்சியதை மூளை நிரப்புகிறது. ஓதுவதற்குத் தடையில்லாத எம் தந்தையார் படியில் இடறியதன் காரணம் இதுவே. தென் தமிழகத்தின் கிராமப்புறங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனோரை ஆராய்ந்த அரவிந்த் கண் ஆய்வின் முடிவுகள் 2003இல் வெளியாயின. நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமக்கு நோய் உண்டென்பதையே அறியாதிருந்தனர். உடையவர் உணராத நோயை வெளியிலிருந்து ஒருவர் நோக்கியே கண்டறிதல் வேண்டும்.

வட்டும் கிண்ணமும் விளிம்பும்

உடலைக் கீறாமலேயே ஒரு நரம்பின் தலைப்பைக் காணக்கூடிய இடம் கண் ஒன்றே. விழித்திரை முழுவதிலுமிருந்து வரும் ஏறத்தாழ 10 முதல் 12 இலட்சம் நரம்பிழைகள் ஓரிடத்தில் திரண்டு, சல்லடை போன்ற ஒரு தட்டின் துளைகள் வழியாக விழியைவிட்டு வெளியேறி மூளைக்குச் செல்கின்றன. அவை திரளும் வாயிலே நரம்பு வட்டு. அதன் குறுக்களவு சுமார் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். ஒரு கடுகின் அளவே எனலாம்.

நலமான வட்டு இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறமுடையது. அதன் நடுவே வெளிறிய பள்ளம் ஒன்று உண்டு. அதனைக் கிண்ணம் என்பர். கிண்ணத்தைச் சூழ்ந்து நிற்கும் செம்மையான வளையம் விளிம்பு. உயிருள்ள நரம்பிழைகள் இருப்பது இவ்விளிம்பில்தான். இழைகள் மடிய மடிய விளிம்பு மெலிகிறது, கிண்ணம் அகல்கிறது, சல்லடைத்தட்டு பின்னோக்கி வளைகிறது. கிண்ணம் என்பது இன்மை. விளிம்பு என்பது இருப்பு. மருத்துவர் கிண்ணத்தின் அளவைக் கூறினும் அவர் உண்மையில் கணக்கிடுவது எஞ்சியுள்ள விளிம்பையே. ஏட்டுச்சுவடியின் நடுப்பகுதி செவ்வையாக இருப்பினும், ஓரத்தில் செல்லரிப்பு எங்கே தொடங்கியுள்ளது என்று பதிப்பாசிரியர் முதலில் பார்ப்பது போன்றது இது.

மேடா, பள்ளமா?

1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஆப்தல்மாஸ்கோப் எனப்படும் கண்ணக நோக்கியை உலகிற்கு அறிவித்தார். உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் நோக்கும் வாயில் திறந்தது. சில ஆண்டுகளுக்குள் எட்வர்ட் யேகரும் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபெயும் இந்நோயாளிகளின் நரம்பு வட்டை நோக்கினர். அவர்கள் கண்டது பள்ளம். ஆனால் கருதியதோ மேடு. நரம்பு வட்டு வீங்கியிருக்கிறது என்றே முதலில் எழுதினர். மணலில் பதிந்த காலடியின் நிழற்படத்தைத் தலைகீழாக நோக்கினால், பள்ளம் மேடாகத் தோன்றுவதை நாமும் காணலாம். ஒளியும் நிழலும் மட்டுமே துணையாக இருக்கையில் அறிவு வழுக்குகிறது. அடால்ஃப் வெபரின் ஆய்வும், நுண்ணோக்கியில் ஹைன்ரிக் முல்லர் கண்டனவும் அது குழிவே என நிறுவின. கிரேஃபெ தம் கருத்தைத் தயங்காது திருத்திக்கொண்டார்.

இவ்விடத்தில் நம் நினைவிற்கு வருபவர், பஸ்ராவில் பிறந்து 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம். 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் பெருநூலில், ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று நிறுவியதோடு, கண்டதை இன்னதெனத் தெளிவது ஒப்பிட்டும் உய்த்துணர்ந்தும் அறிவு செய்யும் வேலை என்றும் அவர் விளக்கினார். பார்வையின் பிழைகளை ஆராய அந்நூலில் ஒரு தனிப்பகுதியையே ஒதுக்கினார். ஒளியை உணர்வது விழிவில்லை என்று அவர் கருதியது பின்னாளில் திருத்தப்பட்டது. உணர்வது விழித்திரை என இன்று அறிவோம். ஆயினும், காண்பது வேறு, கண்டதை அறிவது வேறு என்னும் அவருடைய கருத்து, 1850களில் நரம்பு வட்டை நோக்கியவர்களுக்கும் பொருந்தியது. இன்று நோக்குபவர்களுக்கும் பொருந்துகிறது.

ஆராயும் முறை

இன்று மருத்துவர் நரம்பு வட்டை ஆராயும் முறையைப் படிப்படியாகக் காண்போம். முதலில் கண்ணின் வடிகால் கோணம் குறுகலாக உள்ளதா எனப் பார்ப்பர். குறுகலான கோணமுடைய சிலருக்குப் பாவையை விரித்தால் அழுத்தம் திடீரென ஏறக்கூடும். தடையில்லை எனில் சொட்டு மருந்தால் பாவையை விரித்து, ஸ்லிட் லாம்ப் என்னும் நுண்ணோக்கியின் முன் நோயாளியை அமர்த்தி, 78 அல்லது 90 டயாப்டர் திறனுள்ள வில்லையைக் கண்ணுக்கு முன் பிடித்து, இரு கண்களாலும் உள்ளே நோக்குவர். இரு கண்களாலும் நோக்குவதால் ஆழம் தெரிகிறது; மேடு பள்ள மயக்கம் நீங்குகிறது.

நோக்குகையில் ஐந்து செய்திகளைத் தேடுவர்.

முதலாவது, வட்டின் அளவு. பெரிய வட்டில் இழைகள் பரந்து நிற்பதால் நடுக்கிண்ணம் இயல்பாகவே பெரிதாக இருக்கும். சிறிய வட்டில் கிண்ணமே இல்லாதிருத்தலும் உண்டு. ஆதலின் வட்டின் அளவை அறியாமல் கிண்ணத்தை மதிப்பிடுதல் தவறு.

இரண்டாவது, கிண்ணத்திற்கும் வட்டிற்கும் உள்ள விகிதம். கிண்ணத்தின் உயரத்தை வட்டின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் இது. 1960களில் மன்சூர் அர்மாலியின் ஆய்வுகளால் இம்முறை பரவியது. பலருக்கு இது 0.3 அளவில் இருக்கும். 0.6, 0.7 என உயர்ந்தால் ஐயம் எழும். இரு கண்களின் வட்டுகளும் ஒத்த அளவினவாக இருக்க, விகிதம் 0.2க்கு மேல் வேறுபட்டாலும் ஐயம் எழும்.

மூன்றாவது, விளிம்பின் வடிவம். நலமான கண்ணில் பெரும்பாலும் கீழ்விளிம்பு மிகத் தடித்தும், அடுத்து மேல்விளிம்பும், அதற்கடுத்து மூக்குப்பக்கமும், நெற்றிப்பொட்டுப் பக்கம் மிக மெலிந்தும் இருக்கும். எல்லோருக்கும் இது முழுமையாகப் பொருந்தாது எனினும் நல்ல வழிகாட்டி. இந்நோய் பெரும்பாலும் கீழ்ப்புறத்தையும் மேற்புறத்தையும் முதலில் தாக்கும். அதனால் கிண்ணம் மேலும் கீழுமாக நீளும். விளிம்பில் ஓரிடத்தில் வெட்டுப்பட்டாற்போன்ற பள்ளம் தோன்றும்.

நான்காவது, குருதிக்கசிவு. விளிம்பின் ஓரத்தில் தீச்சுடர்போல் ஒரு மெல்லிய சிவப்புக்கீற்று சில வேளைகளில் காணப்படும். சில வாரங்களிலோ மாதங்களிலோ அது மறைந்துவிடும். அவ்விடத்தில் நரம்பழிவு தொடர்கிறது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை. கனடாவின் ஸ்டீபன் டிரான்ஸ் இதன் சிறப்பை மருத்துவ உலகிற்கு வலியுறுத்தினார். அவசரமாக நோக்குபவர் கண்ணுக்கு இது தப்பிவிடும்.

ஐந்தாவது, வட்டைச் சுற்றியுள்ள பகுதி. சிவப்பு நீக்கிய பச்சை ஒளியில் நோக்கினால், நலமான நரம்பிழைகள் பட்டிழைபோல் மின்னும். இழைகள் அழிந்த இடம் வட்டிலிருந்து விசிறிபோல் விரியும் கரிய பட்டையாகத் தெரியும். வட்டை ஒட்டிய திசு மெலிந்து வெளிறியிருத்தலும் குறித்துக்கொள்ளத்தக்கது.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கிண்ணம் பெரிதாகாமல் விளிம்பு மட்டும் வெளிறிப்போயிருந்தால், அது இந்நோயாக இல்லாமல் நரம்பை அழுத்தும் கட்டி முதலிய வேறு நோயாக இருக்கலாம். அப்போது மருத்துவர் வேறு சோதனைகளை நாடுவர்.

கருவிகளும் அவற்றின் எல்லையும்

பார்வைப் புலச் சோதனையில், ஒரு புள்ளியையே நோக்கியிருக்கும் நோயாளி, பக்கங்களில் மின்னும் சிற்றொளிகளைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். எப்பகுதியில் பார்வை குன்றியது என்பது இதனால் தெரியும். ஆனால் கால்பங்கு அளவோ அதற்கு மேலுமோ இழைகள் அழிந்த பின்னரே இச்சோதனையில் குறை தெளிவாகத் தென்படக்கூடும் என ஆய்வுகள் காட்டின. எனவே, பார்வைப் புலம் குறையற்றிருக்கும் போதும் நரம்பை நோக்குதல் வேண்டும்.

1991இல் அறிமுகமான ஓ.சி.டி. என்னும் கருவி, ஒளியைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுத்து, நரம்பிழை அடுக்கின் தடிப்பை மைக்ரான் கணக்கில் அளக்கிறது. நலமுடையோரின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு என வண்ணமிட்டுக் காட்டுகிறது. பெருந்துணையான கருவியே, ஆயினும் கடுமையான கிட்டப்பார்வை உடையோர்க்கு நோய் இல்லாமலே சிவப்புக் காட்டுவதுண்டு, தொடக்கநிலை நோய் பச்சைக்குள் மறைந்திருப்பதும் உண்டு. அழுத்தம், கோணம், நரம்பின் தோற்றம், பார்வைப் புலம், கருவியின் அளவு ஆகியவற்றை ஒருங்கே வைத்துத் தீர்ப்பளிப்பவர் மருத்துவரே.

எல்லாவற்றினும் மேலான சான்று காலம். ஒருநாள் நோக்கில் ஐயமாக இருப்பது, ஆண்டுதோறும் எடுத்த படங்களை அருகருகே வைத்தால் தெளிவாகும். மாறாத வட்டு பெரும்பாலும் நலமானது; மாறும் வட்டு நோயுற்றது. எனவே பழைய அறிக்கைகளையும் படங்களையும் பேணி வைத்தல் நோயாளியின் கடமை.

நாம் செய்யத்தக்கன

பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருப்பின் நமக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. எம் தந்தையாரின் நோய் தெரிந்தபின் நாங்கள் உடன்பிறந்தார் மூவரும் கண்ணைக் காட்டினோம். எம் இரு கண்களிலும் கிண்ணத்தின் விகிதம் 0.6 என்றறிந்தபோது உள்ளம் கலங்கியது. மருத்துவர் வட்டின் அளவை அளந்து, வட்டே பெரிது. விளிம்பு நாற்புறமும் சீராக உள்ளது. ஆயினும் ஆண்டுக்கொரு முறை வருக என்றார். முதல் ஆண்டின் படத்தையும் இவ்வாண்டின் படத்தையும் அருகருகே காட்டியபோது, எண்ணை மட்டும் கேட்டு அஞ்சுவதும் எண்ணை மட்டும் கேட்டு மகிழ்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பதை உணர்ந்தோம்.

நாற்பது வயதைக் கடந்தோர், குடும்பத்தில் இந்நோயுள்ளோர், கடுமையான கிட்டப்பார்வை உடையோர், ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் கொள்வோர் ஆகியோர் கண் மருத்துவரிடம் செல்லும்போது, அழுத்தம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், நரம்பு எவ்வாறுள்ளது என்றும் கேட்க வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது கண் பரிசோதனை ஆகாது.

புரையை அறுத்து அகற்றினால் பார்வை மீளும்; இந்நோயில் இழந்த பார்வை மீளாது. சொட்டு மருந்தும், லேசர் சிகிச்சையும், அறுவை மருத்துவமும் அழுத்தத்தைத் தாழ்த்தி, எஞ்சியதைக் காப்பவை. இயல்பான அழுத்தத்தில் நோயுற்றவர்க்கும் அதனை மேலும் தாழ்த்துவதே மருத்துவம். மருந்திட்டும் பார்வை கூடவில்லையே என்று பலர் இடையில் நிறுத்திவிடுகின்றனர். கூடாதிருப்பது மருந்தின் குறையன்று. குறையாதிருப்பதே அதன் பயன்.

ரமளானில் பகற்பொழுதில் சொட்டு மருந்தை விட்டுவிடுவோரும் நம்மிடையே உளர். கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறியாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் நிலை. ஐயமுடையோர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. மருந்து நேரத்தை மாற்ற விரும்பின் மருத்துவரிடம் கேட்டு மாற்றுக. தாமாக நிறுத்துதல் வேண்டா.

எம் தந்தையார் இன்றும் வைகறையில் ஓதுகிறார். இரவில் தவறாது சொட்டு மருந்தை இட்டுக்கொள்கிறார். இடக்கண் இழந்தது மீளவில்லை. வலக்கண்ணின் விளிம்பு இதுவரை மாறாது நிற்கிறது. அந்த விளிம்பைச் சில ஆண்டுகள் முன்னரே ஒருவர் நோக்கியிருப்பின் என்னும் எண்ணம் எம்மைவிட்டு அகலவில்லை. இதனைப் படிக்கும் மாணவச் செல்வங்கள் தத்தம் இல்லத்துப் பெரியோரை ஒருமுறை கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, நரம்பை நோக்கச் சொல்வார்களாயின் இக்கட்டுரை தன் பயனை அடைந்துவிடும். வல்ல இறைவன் நம் அனைவரின் பார்வையையும் காத்தருள்வானாக.